திரையில் ஒரு பொட்டு

இரண்டாயிரங்களின் கடைசியில் சென்னையில் நான் வாங்கிய காரில் வழிகாட்டும் திரை இருந்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். வேப்பூரில் நெடுஞ்சாலையை விட்டு விருத்தாசலம் பக்கம் திரும்பியதும் திரையில் சாலையே இல்லை, வெறும் வெள்ளை. ஓரங்கட்டி ஷோரூமுக்குப் போன் செய்தேன்.

"உங்க பக்கத்துக்கு அந்த வசதி இன்னும் வரலை சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயில் ஜங்ஷன் உள்ள ஊர், ஊரூருக்கும் பீங்கான் அனுப்புகிற ஊர், மேப்பில் இல்லையாம்!

அம்மா கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உரித்துத் திரையில் ஒட்டினாள். "இதான் நம்ம வூடு. பாத்து ஓட்டு."

திரும்பி வரும்போது சாலைகள் மறுபடி தெரிந்தன. படம் நகர்ந்தது, பொட்டு நகரவில்லை. நானும் எடுக்கவில்லை. சென்னையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் எங்கள் வீடு கூடவே வந்தது.