இடது காலை ஊன்ற வைத்தாள் என் காளியம்மன்

புரட்டாசி மாதம், சம்பா நடவு. காலை ஒன்பது மணி இருக்கும். நன்னிலத்துக்குப் பக்கத்தில், எங்கள் சொந்த வயலில், மற்ற பெண்களோடு நானும் வரிசையில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். இடது கையில் இருந்த நாற்று முடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. எடுக்கப் பார்த்தேன். கை வரவில்லை. அது என் தோளில் தொங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அது என் கை இல்லை. அடுத்த நிமிடம் இடது கால் மடங்கியது. முகம் குப்புறச் சேற்றில் விழுந்தேன்.

கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். அதில் மூச்சு முட்டிச் சாகப் போகிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தலையைத் திருப்ப முடியவில்லை. வாயில் சேறு. பெண்கள் பேசிச் சிரிப்பது காதில் கேட்கிறது. நாற்று நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். காளியம்மா என்று கூப்பிட நினைத்தேன். குமிழிதான் வந்தது.

எனக்குப் பக்கத்து வரிசையில் நட்ட மல்லிகாதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"வசந்தா, என்னடி ஆச்சு? எந்திரிடி."

ஓடி வந்து என்னைப் புரட்டிப் போட்டாள். முந்தானையால் வாயில் இருந்த சேற்றை வழித்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து என் முகம் எப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, பக்கவாதம் என்றார்கள். என் கணவர் வரப்பில் ஓடி வந்த சேற்றுக்காலோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். டாக்டர் அவரிடம், "ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தியவள் நான்தான். இதை அவள் கோயிலில் கூடியிருக்கும் உங்களிடம் மறைத்துச் சாட்சி சொன்னால் அம்மன் என்னை மன்னிக்க மாட்டாள்.

உயிர் பிழைத்தேன். பேச்சு குழறலோடு திரும்பியது. ஐப்பசி மழையில் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது.

கணவர் வயலுக்குப் போனதும் வீடு அமைதியாகிவிடும். இடது கையில் ஈ உட்கார்ந்து நடக்கும். பார்ப்பேன், உணர்வு இருக்காது. இன்னொரு தடவை வந்துவிடும் என்ற நினைப்பு ஒரு நிமிடம்கூட விடவில்லை. சோறு சாப்பிட்டு நாக்கு கொஞ்சம் கனத்தால் போதும், கண்ணாடியைக் கையில் எடுத்து வாய் கோணுகிறதா என்று பார்ப்பேன். மணிக்கு ஒருமுறை என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். வசந்தா. வசந்தா. சரியாக வந்தால் அடுத்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது என்று அர்த்தம்.

எழுந்து நிற்கவே மாட்டேன். கணவரும் மல்லிகாவும் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும். தரை எங்கோ கீழே கிணற்றின் அடியில் இருப்பதுபோல் இருக்கும். எத்தனையோ வருடம் நம் கோயிலில் தீ மிதித்தவள் நான். சிமெண்டுத் தரையை மிதிக்கப் பயந்தேன். அதை நினைத்து வெட்கப்பட்டேன். பிறகு கோபப்பட்டேன். உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று அம்மனிடம் கேட்டேன். கடைசியில் ஒரே ஒரு வேண்டுதல்தான் மிச்சம் இருந்தது. தாயே, என்னை விழாமல் வைத்துக்கொள். வேறு எதுவும் வேண்டாம். காலை, மதியம், மாலை அதையே சொன்னேன்.

கார்த்திகையில் துபாயிலிருந்து என் மகன் போன் செய்தான். தஞ்சாவூரில் ஒரு மையத்தில் மெஷின் வைத்துப் பக்கவாத நோயாளிகளுக்கு நடை பழக்குகிறார்களாம், போய்த்தான் ஆக வேண்டும் என்றான். நான் மாட்டேன் என்று அழுதேன். என் கணவர் அதிகம் பேசாதவர். அன்று பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இப்படியே கெடந்தா நானும் ஒன்னும் பண்ண முடியாம செத்துருவேன் வசந்தா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. போனோம். தஞ்சாவூரில் என் நாத்தனார் வீட்டில் தங்கினோம்.

அங்கே என்னைப் பார்த்துக்கொண்ட பிசியோதெரபி பெண்ணின் பெயர் கீர்த்தனா. என் மகனைவிடச் சின்னவள். முதல் நாள் என்னை ஒரு தட்டுமேல் நிறுத்தினாள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக அடியில் சென்சார் இருக்கிறது, எந்தக் கால் எவ்வளவு எடை தாங்குகிறது என்று காட்டும் என்றாள். எதிரே ஸ்கிரீனில் ஒரு புள்ளி. நடுவில் ஒரு கோடு. புள்ளி கோட்டுக்கு வலது பக்கம் தூரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"உங்க எடை மொத்தமும் வலது கால்லதான் இருக்கு. இடது காலைச் சும்மா வச்சிருக்கீங்க."

"அது செத்த காலும்மா" என்றேன்.

அவள் என்னை உட்கார வைத்து, இடது தொடையில் கம்பி இணைத்த சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, முட்டியை நீட்டச் சொன்னாள். கால் லேசாகத்தான் அசைந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் கோடு மேலே ஏறியது. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஏறியது.

"தசை வேலை செய்யுதும்மா. உங்களத் தாங்குற அளவுக்கு பலம் இருக்கு. நீங்கதான் அத நம்ப மாட்டேங்குறீங்க."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் அதிகமானது. கால் செத்திருந்தால் முயற்சி செய்ய வேண்டியதில்லை. இப்போது நிற்க வேண்டும், நடக்க வேண்டும், விழ வேண்டும்.

மறுநாள் டிரெட்மில்லைக் காட்டினாள். அதற்கு மேலே பெரிய இரும்புச் சட்டம். அதிலிருந்து பட்டைகள் தொங்கின. மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் அந்தப் பட்டைகளைக் கட்டி, பாதி எடையை மெஷின் தூக்கிக்கொள்ள, கீழே நகரும் தரையில் நடக்க வேண்டும். பட்டை அறுந்தால்? கரண்டு போனால்? தரை நகரத் தொடங்கியதும் கைப்பிடியை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நான்கு அடி வைத்தேன். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். இப்படியே பத்து நாள் போனது. தினமும் தட்டுமேல் நிற்பேன். தினமும் புள்ளி வலது பக்கமே நிற்கும். ஒரு நாள் கணவர் நாத்தனாரிடம் தாழ்ந்த குரலில், "ஊருக்கே கூட்டிட்டுப் போயிரலாமான்னு பாக்குறேன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை மெஷினில் கட்டும்போது கண்ணை மூடி வழக்கமான வேண்டுதலைச் சொன்னேன். விழாமல் வைத்துக்கொள் தாயே. தரை நகர்ந்தது. மூன்றாவது அடியில் இடது கால் விரல் தட்டியது. கைப்பிடியிலிருந்து கை வழுக்கியது. நான் விழுந்தேன்.

அந்த ஒரு கணத்தில் வயல் தண்ணீர் மறுபடி என் முகத்துக்கு நேரே வந்தது. அம்மா என்று அலறினேன். மையம் முழுக்கக் கேட்டிருக்கும்.

முகம் எதிலும் மோதவில்லை. பட்டைகள் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. மெஷின் நின்றுவிட்டது. தரைக்கு ஒரு முழம் மேலே, முட்டி மடங்கி, ஆடிக்கொண்டிருந்தேன்.

கீர்த்தனா என் முன்னால் வந்து குனிந்தாள். அவள் குரலில் பதற்றம் இல்லை.

"அம்மா, கண்ணத் தொறங்க. எங்க இருக்கீங்க?"

பார்த்தேன். "தொங்கிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"கீழ விழலல்ல?"

"விழல."

அப்போதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறிவாளிகள் இதை மெஷின் என்பார்கள். மெஷின்தான். பட்டையைத் தைத்தவர் யாரோ, சட்டத்தைச் செய்தவர் யாரோ. நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாதமாக ஒரே வேண்டுதலைச் சொன்னவள் நான். அதற்குப் பதில் அன்று கிடைத்தது என்று என் உடம்புக்குத் தெரிந்தது. விழாமல் வை என்று கேட்டேன். அவள் என்னை விழ விட்டாள். விழுந்த இடத்தில் பிடித்துக்கொண்டாள். சேற்றில் மல்லிகாவின் கையாக வந்து புரட்டியவளும் அவள்தானே என்று அப்போது உறைத்தது. நான்தான் அதைக் கணக்கில் வைக்கவில்லை.

"இன்னொரு தடவ போடும்மா" என்று நானே கேட்டேன். கீர்த்தனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் தட்டுமேல் நின்றேன். பயம் அப்படியேதான் இருந்தது, குறையவே இல்லை. தாயே, பிடித்துக்கொள் என்று மட்டும் சொல்லி இடுப்பை இடது பக்கம் சாய்த்தேன். புள்ளி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்து கோட்டைத் தொட்டது. தொட்டு இரண்டு மூச்சு நேரம் அங்கேயே நின்றது. "ஊன்றிட்டீங்கம்மா" என்றாள் கீர்த்தனா. வாசலில் நின்றிருந்த என் கணவர் அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். தை அறுவடை முடியும்வரை தஞ்சாவூரில்தான் இருந்தோம். பட்டை தூக்கும் எடையை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒரு நாள் அது என்னைத் தூக்கவே இல்லை என்று முடிந்த பிறகுதான் சொன்னார்கள். இன்று ஊன்றுகோலோடு நடக்கிறேன். சாய்ந்துதான் நடக்கிறேன். இடது கை டம்ளரைப் பிடிக்கும், நாற்றைப் பிரித்து நட அதற்கு இன்னும் வரவில்லை. வருமா என்று தெரியாது. மாத்திரையை ஒரு வேளைகூட விடுவதில்லை. விபூதி பூசியதும் மாத்திரை, அதுவே என் பூஜை.

மாதம் ஒருமுறை அளவெடுக்க அந்த மையத்துக்குப் போகிறேன். போன தடவை திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பட்டையைக் கட்டும்போது அழுதாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் இதுல விழுந்திருக்கேன்மா. ஒன்னும் ஆகல" என்றேன். அழுகை நிற்கவில்லை. ஆனால் அழுதுகொண்டே முதல் அடியை வைத்தாள்.

அம்மனின் பிள்ளைகளே, பயம் தீர்ந்த பிறகு நம்புகிறேன் என்று நான் இரண்டு மாதத்தை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உடம்பு சொல்வதைக் கேளுங்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், அம்மனைக் கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் நான் கோயிலில் இருப்பேன். உங்கள் வீட்டில் இப்படிப் படுத்திருப்பவர் யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன். அவர் பயப்படுகிறார் என்று தயங்க வேண்டாம். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இன்று காலையும் கோயிலுக்கு நடந்துதான் வந்தேன்.