சிவப்பாக வந்த ஸ்கேன்

சென்ற ஆண்டு மாரி மழை தொடங்கியிருந்த சமயம். கல்முனையில் புதுக் கண்ணாடிக்காகப் போன இடத்தில், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று கண்ணை ஸ்கேன் எடுத்தார்கள். வந்த தாளில் இரண்டு கண்ணுக்கும் சிவப்பு அடையாளம். "குளுக்கோமா போல இரிக்கி, கண் டொக்டருட்ட காட்டுங்க" என்று தாளைக் கையில் தந்தார்கள்.

நான் பாடசாலை வேன் ஓட்டுகிறவன். அந்த நோய் ஓரப் பார்வையை மெல்ல மெல்லத் தின்றுவிடும், போன பார்வை திரும்பாது என்று கைபேசியில் வாசித்தேன். பிள்ளைகள் எந்தப் பக்கத்தால் ஓடிவருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் கேட்கவே வேண்டாம். அக்காமாரில் மூத்த ராத்தா குர்ஆனை எடுத்து யாசீன் ஓத உட்கார்ந்துவிட்டார். மச்சான் அன்று பின்னேரமே வேனை வாங்க ஆள் கூட்டி வந்தார். அவரிடம் அப்படியொரு சுறுசுறுப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மறுநாள் கண் டொக்டரிடம் தாளை நீட்டினேன். அந்த அம்மா அதை ஒரு பார்வை பார்த்து மேசையில் வைத்துவிட்டு, நான் போட்டிருந்த தடித்த கண்ணாடியைக் கேட்டு வாங்கினார்.

"சின்ன வயசில இருந்தே போடுறீங்களா?"

"ஓம் டொக்டர், ஸ்கூல் காலத்தில இருந்து."

கண் அழுத்தம் பார்த்தார். மருந்து விட்டு, உள்ளே நரம்பை நெடுநேரம் பார்த்தார். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொல்லி ஓரப் பார்வையைச் சோதித்தார். பயத்தில் நான் கண்டபடி அமத்திக் குழப்பிவிட்டேன். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் முகம் சுளிக்காமல் மறுபடி செய்வித்தார்.

கடைசியில் சொன்னார்: "கிட்டப்பார்வை கூடின கண் கொஞ்சம் நீளமா இரிக்கும். மிஷின் அத சாதாரண கண்ணோட ஒத்துப் பாத்துட்டுச் சிவப்பு காட்டியிரிக்கு. உங்கட நரம்பும் ஓரப் பார்வையும் இப்ப நல்லா இரிக்கு."

"அப்ப இனி வராதா டொக்டர்?"

"அத நான் சொல்லேலா. ஆறு மாசத்தால வாங்க. உங்கட கண்ண உங்கட கண்ணோடயே ஒத்துப் பாப்பம்."

வராது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அன்று ஏங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டதன் அருமை பிறகுதான் விளங்கியது. சொன்னபடி ஆறு மாதம் கழித்துப் போனேன். ஒரு மாற்றமும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! என்னைவிட அந்த அம்மாவின் முகம்தான் மலர்ந்தது. ஆனாலும் அடுத்த தவணையையும் விடாமல் எழுதித் தந்தார்.

தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்ன அந்த ஒருவரை நம்பித்தான், ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இன்றும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன்.