தேவாலயத்துத் தரையில் ஒரு கல்

கடலூர் முதுநகரில் உள்ள பழைய ஆங்கிலேயர் தேவாலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். தரைக்கல்லின் குளிர்ச்சி பாதத்தில் பட்டதும், எட்டு வயதில் அங்கே நின்றது நினைவுக்கு வந்தது.

அன்று புயலுக்குப் பயந்து எங்கள் தெருவே அங்கே தங்கியிருந்தது. ஈரத்துணி வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து அடித்தன. கைக்குழந்தையான என் தங்கைக்கு உடம்பு கொதித்தது. தெற்குச் சன்னலுக்குக் கீழே மட்டும்தான் ஒழுகாத இடம். அங்கே இங்கிலீஷ் எழுத்து வெட்டிய கல் ஒன்று பதித்திருந்தது.

“சமாதி மேல எப்படிண்ணே புள்ளயப் போடறது?” என்று அம்மா தேவாலயத்து வாட்ச்மேனிடம் கேட்டாள்.

அவர் குனிந்து எழுத்தை விரலால் தடவினார். “இது மூணு வயசுக் கொழந்தம்மா. உம் பொண்ணுக்குத் தொணையா இருக்கும், போடு.”

அம்மா முந்தானையால் கல்லைத் துடைத்தாள். “கொஞ்சம் தள்ளிப் படுத்துக்க கண்ணு” என்று கல்லிடம் சொல்லிவிட்டுத் தங்கையைக் கிடத்தினாள். மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது.

இன்று அந்தக் கல்லைப் படித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இறந்த கும்பெனிப் படை கேப்டன் ஒருவரின் கல் அது. சுற்றியிருந்த கற்களையும் படித்தேன். எதிலும் குழந்தை இல்லை.

வெளியே வந்தபோது, சிதம்பரத்தில் தங்கை வீட்டிலிருக்கும் அம்மா போன் செய்தாள்.

“அந்தக் கொழந்தயப் பாத்தியாடா?”

“பாத்தேம்மா.”

“எடத்த சுத்தமா வச்சிருக்காங்களா?”

“வச்சிருக்காங்கம்மா.”