இடது தோளைப் பற்றி செனிமிலி சொன்னது

நவுசோரி சந்தையில் மட்டி விற்கிற செனிமிலி அக்காவுக்கு ரக்பியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். உள்ளூர்க்காரன் கேட்க மாட்டான். அவன் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

பத்தொன்பது வருடமாக அவளுக்கு அடுத்த மேசையில் மிளகாயும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரும் விற்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ரேவா ஆற்றில் முங்கி மட்டி எடுப்பாள், மிச்ச நாளெல்லாம் அதைச் சாக்கில் குவித்து விற்பாள். விற்கிற வேலையைக் கை பார்த்துக்கொள்ளும். வாய்க்கு எப்போதும் தேசிய அணியின் வேலைதான். அந்த வேலையில் அவளை மிஞ்ச எங்கள் சந்தையில் ஆளில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அந்த வருடம் கோச் மாலகாயைத் திட்டாத வாய் எங்கள் ஊரில் கிடையாது. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றிருந்தோம். பிரான்சில் ஆடுகிறவனையே எடுக்கிறார், இங்கே மண்ணில் புரளுகிறவனைப் பார்ப்பதே இல்லை என்று மீன்காரர்கள் சொன்னார்கள். கோச்சுக்கு ஆண்டவர் நல்ல புத்தியைக் கொடுக்க வேண்டும் என்று போதகர் ஜெபித்தபோது, ஆமென் சத்தம் பேருந்து நிலையம் வரை கேட்டது. நானும் கோச்சை மாற்ற வேண்டும் என்கிற கட்சிதான், அதை ஒளிக்கவில்லை.

தள்ளுவண்டிக்கார எமோசி எங்களையெல்லாம் விட மோசம். அக்காவுக்கு மச்சான் முறை அவன். அந்த முறைக்கு எங்கள் ஊரில் கிண்டலுக்கு எல்லை கிடையாது. யாருடைய சேப்பங்கிழங்கு மூட்டையையோ வண்டியில் வைத்துக்கொண்டு நடைபாதையின் நடுவில் நின்று அக்காவிடம் தர்க்கம் பண்ணுவான். மூட்டைக்குச் சொந்தக்காரரும் கொஞ்ச நேரத்தில் தர்க்கத்தில் சேர்ந்துகொள்வார். பேருந்து போய்விடும்.

அக்காவின் வழி தனி. ஊரே திட்டும்போது அவள் கோச்சுக்காகப் பேசுவாள். ஊரே தூக்கி வைத்து ஆடும்போது குற்றம் சொல்வாள். ஏன் என்று கேட்டேன். "தோத்தவன திட்டறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான் சாமி. ஜெயிச்சப்போ சொல்லணும். அப்பதான் காது தொறந்திருக்கும்" என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வானொலியில் அணித்தேர்வைப் பற்றிய நிகழ்ச்சி வரும். அக்கா அதற்குத் தவறாமல் போன் போடுவாள். மற்றவர்கள் கத்துவார்கள், அவள் விவரம் சொல்வாள். எந்தப் பையன் பந்து இல்லாதபோது நடக்கிறான், எவன் கீழே விழுந்ததும் எழுந்திருக்க யோசிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இது ஒன்றும் ஞானதிருஷ்டி இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினெட்டு வருடம் கிராமத்துக் குழுவின் சட்டைகளைத் திங்கட்கிழமைகளில் ஆற்றில் துவைத்தவள் அவள். எவன் எந்தத் தோளைக் கொடுத்து ஆளைச் சாய்த்தான், எவன் சாய்க்கிற மாதிரி நடித்தான் என்பதைக் கறையைப் பார்த்தே சொல்வாள். பொய் சொல்கிற ஆட்டக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சட்டைகளை அவள் பார்த்திருக்கிறாள்.

டோங்காவோடு மோத வேண்டிய அணியை ஒரு புதன்கிழமை நடுப்பகலில் அறிவித்தார்கள். ஏழாம் எண் சட்டைக்கு வாசித்த பெயர் சிரெலி. அக்காவின் மூன்றாவது மகன், இருபத்து மூன்று வயது, மாகாண அணியைத் தாண்டி எங்கும் ஆடாதவன்.

சந்தை தலைகீழானது. கொண்டாட்டம் என்றால் எங்கள் ஊரில் தலையில் பவுடர் கொட்டுவதுதான், மருந்துக்கடையில் இருந்த டப்பாக்கள் அத்தனையும் அக்காவின் தலையில் கொட்டப்பட்டன. எமோசி அவளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, கோச்சை இதுவரை தான் சொன்ன வார்த்தைகளையெல்லாம் திரும்பப் பெறுகிறேன் என்று அறிவித்துக்கொண்டே மூன்று சுற்று சுற்றினான். கோச்சை மாற்றும் கட்சியை நானும் அந்த நிமிடமே கலைத்துவிட்டேன். தலை வெளுத்து வண்டியில் உட்கார்ந்திருந்த அக்கா எல்லாருக்கும் கையாட்டினாள். ஆனால் வாய் திறக்கவில்லை, அதை நான் கவனித்தேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு எல்லா மேசையிலும் வானொலி பாடிக்கொண்டிருந்தது. நவுசோரி அக்கா வந்துவிட்டார், இப்போதாவது தேர்வு சரிதானே என்று அறிவிப்பாளர் குழைந்தார்.

"எல்லாம் சரி, ஏழாம் எண் மட்டும் தப்பு" என்றாள் அக்கா. "மார்ச் மாசம் அடிபட்டதுலேர்ந்து அந்தப் பையன் இடது தோளக் கொடுத்து ஒருத்தனையும் சாய்க்கல. இடது பக்கமா எவனாவது ஓடி வந்தா கழுத்தத் தாவிப் பிடிக்கிறான். வலது தோள்ல புல்லுக்கறை பிரஷ் போட்டாலும் போகல, இடது தோள் கடையில வாங்கினாப்ல இருக்கு. கந்தாவுத் தீவுப் பையன் இசிகேலி இருக்கான்ல, அவன்தான் ஆடணும்."

"அக்கா, அது உங்க பையன்தானே?" என்றார் அறிவிப்பாளர்.

"ஆமா. அதனாலதான் சட்டை என்கிட்ட வருது."

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு அளவுகோல், ஊரான் பிள்ளைக்கு ஒரு அளவுகோல் வைக்காத மனுஷியை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். ஆனால் எமோசி தள்ளுவண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"ஏன் மதினி, டோங்காக்காரனுக்கு ரேடியோ கேக்காதுன்னு யாரு சொன்னா உனக்கு?"

அக்காவின் கையிலிருந்த மட்டி சாக்கில் விழுந்தது. அதை அவள் யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் சந்தையில் உட்கார்ந்து பேசிப் பேசி, வானொலியையும் சந்தையென்றே நினைத்துவிட்டாள். எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். மத்தியானத்துக்குள் அவள் பேசியது எல்லார் போனிலும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிவதற்குள் டோங்காவிலும் ஓடியது. அங்கே வேலை பார்க்கிற எமோசியின் தம்பி சிரித்துச் சிரித்துச் செய்தி அனுப்பியிருந்தான்.

சிரெலி அப்போது சுவாவில், அணியின் முகாமில் இருந்தான். சாயங்காலம் ஒரே ஒரு தடவை போன் பண்ணினான். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் அக்கா. அவன் கேட்டது இவ்வளவுதான்: "சமையக்கட்டுல வெச்சு என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா." அதற்குப் பிறகு அவள் போட்ட எந்தப் போனையும் அவன் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் போனது. சந்தையில் பாதிப் பேர் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள், மீதிப் பேர் கோச் அவள் பேச்சைக் கேட்க வேண்டும் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை அறிவிப்பாளர் நவுசோரி அக்காவுக்காகக் காத்திருப்பதாக இரண்டு முறை சொன்னார். அக்கா ஈரச்சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஏழாம் எண் மாறவில்லை என்று மட்டும் கோச் தொலைக்காட்சியில் சொன்னார்.

"நான் சொன்னது நிசம்தான் சாமி. ஆனா அந்த நிசத்த வெச்சு அவன ஒடச்சிட்டேனோ?" என்று ஒரு நாள் கேட்டாள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். மகன் தன்னிடம் பேசுவானா என்பதைத் தவிர அவளுக்கு அப்போது உலகத்தில் வேறு கேள்வி இல்லை.

ஆட்டத்தன்று ரொட்டிக்கடைக்காரர் தொலைக்காட்சியை வெளியே தூக்கி வைத்தார். சந்தை முழுக்க அங்கே நின்றது. அக்கா மட்டும் கடைசியில், ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். டோங்காக்காரர்கள் முதல் பந்தையே எங்கள் ஏழாம் எண்ணின் இடது பக்கமாகக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய எட்டாம் எண், கதவு மாதிரி ஒரு ஆள், தலையைக் குனிந்துகொண்டு நேராக வந்தான். சிரெலி தாழ்ந்தான். இடது தோளை அவன் இடுப்பில் வைத்து அப்படியே பின்னால் தள்ளிச் சாய்த்தான்.

மறுபடி வந்தார்கள், மறுபடி சாய்த்தான். மூன்றாம் முறையும் அதேதான். நான்காம் முறையும் வந்தவன் விழுந்தான். முதல் பாதி முழுவதும் அவர்கள் அந்த ஒரே வழியைப் பிடித்துத் தொங்கினார்கள், மற்றப் பக்கத்தை மறந்தே போனார்கள். பதினோரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் கோச் மாலகாய் விஷயத்தைச் சொன்னார். வானொலியை அவரும் கேட்டிருக்கிறார். தோள் ஆறிவிட்டது, பயம்தான் ஆறவில்லை என்று மருத்துவர் சொன்னாராம். இரண்டு வாரமும் விடியற்காலையில் சிரெலியைத் தனியாகக் கூப்பிட்டு, இடது தோளால் மூட்டையை இடிக்க வைத்திருக்கிறார். எதிராளி எந்த வழியாக வருவான் என்று முன்னாலேயே தெரிந்தால் அதைவிடக் கோச்சுக்கு வேறென்ன வேண்டும் என்று சிரித்தார். மூன்று மாதம் நான் திட்டிய மனிதர் இவர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நிமிடம் எமோசி கண்டுபிடித்துவிட்டான். இது அக்காவும் கோச்சும் சேர்ந்து போட்ட திட்டம். வேண்டுமென்றேதான் வானொலியில் பேசினாள், டோங்காவுக்குத் தூண்டில் போட்டாள். சந்தை அதை அப்படியே நம்பியது. மறுபடியும் பவுடர் டப்பாக்கள் வந்தன. சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும், அவள் பெயர் நாடு முழுக்க நின்றிருக்கும். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டியிருப்பேன்.

அக்கா பெட்டிமேல் ஏறி நின்றாள். "எனக்கு அவ்வளவு மூளை கெடையாது. வாய் இருந்துச்சு, பேசிட்டேன். என் பிள்ளைய ஊர் முன்னாடி விட்டுக்கொடுத்தேன். அவனும் கோச்சும் அதச் சமாளிச்சாங்க. அவ்வளவுதான்" என்றாள். பவுடர் டப்பாக்கள் மூடப்பட்டன.

திங்கட்கிழமை என்னிடம் இருப்பதிலேயே நல்ல யங்கோனா வேர்க்கட்டைக் கேட்டாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று புரிந்தது, வேர் இல்லாமல் எங்கள் ஊரில் மன்னிப்பு கிடையாது. கோச்சுக்கா என்றேன். சிரெலிக்கு என்றாள். எமோசி வாயைப் பிளந்தான். மகன் தாயின் முன் வேர் வைத்து உட்கார்ந்து பார்த்திருக்கிறோம், தாய் மகன் முன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தப்புப் பண்ணினது யாரு, வயசா பண்ணிச்சு என்று கேட்டாள். அவளுக்காகப் பேச ஒரு ஆண் வேண்டும். அண்ணன் தம்பி யாரும் உயிரோடு இல்லை. எமோசியைப் பார்த்தாள். அவன் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தினான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வேனில் போனோம். வெற்றிக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், சிரெலி பாயில் உட்கார்ந்து தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். தன் வீட்டுக்கு எப்போதும் சமையலறை வழியாகப் போகிற அக்கா, அன்றைக்கு விருந்தாளிபோல முன்வாசலில் நுழைந்து வாசலை ஒட்டியே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். எமோசி வேர்க்கட்டை முன்னால் நகர்த்தினான். வாழ்நாள் முழுக்கக் கிண்டல் பேசிய வாய், சடங்கு வார்த்தையில் பாதியை மறந்து தடுமாறியது. வேரைத் தொட்டால் மன்னித்த மாதிரி. சிரெலி தொடவில்லை.

ஐஸைத் தோளில் நகர்த்தி வைத்தான். பிறகு அவன், "அம்மா, சனிக்கிழமை நான் எப்படி ஆடினேன்?" என்று கேட்டான்.

எமோசி அக்காவின் முழங்காலை இடித்தான். நல்லா ஆடினே என்று சொல்லிவிடு தாயே என்று நானும் மனதுக்குள் கும்பிட்டேன்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். "மூணு தடவ நல்லா சாய்ச்ச. நாலாவது தடவ தோளக் கொடுக்காம மேல கழுத்துக்குப் போயிட்ட. அவன் கால் வழுக்கினதால பொழச்ச."

எமோசி கண்ணை மூடிக்கொண்டான். சிரெலி அவளையே பார்த்தான்.

"கோச்சும் அதையேதாம்மா சொன்னாரு" என்றான். ஐஸ் கட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேரைத் தொட்டு, உள்ளங்கையைக் குவித்து மூன்று தரம் தட்டினான். அப்புறம் தவழ்ந்து வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான், அவ்வளவு பெரிய உடம்பு. அக்கா அழுதாள். நானும் அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு அவள் போன் போட்டாள். அறிவிப்பாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழாம் எண்ணைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று முதல் கேள்வியே அதுதான். சந்தை முழுக்கக் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தது.

"ஏழாம் எண்ணப் பத்தி ஏழாம் எண்கிட்டயே சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "நீ பதினஞ்சாம் எண்ணப் பத்திக் கேளு."