சாமந்தித் தோட்டத்து வீடியோ

அருணாதேவியை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேங்கிக்கால் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரியில் நானும் அவளும் பொருளாதாரத் துறையில் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம். பிள்ளைகள் போனில் மூழ்கிக் கிடப்பார்கள், நாங்கள் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்போம். நான் தலையில் அடித்துக்கொண்டு வந்துவிடுவேன். அவள் விடமாட்டாள்.

"போனத்தானே பாக்குதுங்க? பாடத்த அதுக்குள்ளயே வெச்சிடுறேன் பாரு" என்றாள்.

வகுப்புக்கென்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினாள். பாடத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்துப் பேசி வீடியோ போட வேண்டும். லைக் ஜாஸ்தி வாங்கினால் மார்க். பொய் சொல்லக்கூடாது, வகுப்பே மாறிப்போனது. வாயே திறக்காத தென்றல்கூடப் பேசினாள். அடி அண்ணாமலையில் பூ விவசாயம் செய்யும் வீட்டுப் பெண். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பூ விலை ஏன் விழுகிறது என்று தங்கள் சாமந்தித் தோட்டத்தில் நின்றே சொன்னாள். அடேயப்பா, என்ன தெளிவு!

மார்க் ஆசையில் அவளே அதைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, லைக் பண்ணச் சொல்லியிருக்கிறாள். வீடியோவுக்குக் கீழே வகுப்புப் பையன் ஒருவன் சிவப்பு இதயம் போட்டிருந்தான். தாய்மாமன் கண்ணில் அதுதான் பட்டது. பாழாய்ப்போன இதயம்! இந்தக் காலத்துப் பிள்ளைகள் சாம்பார் நன்றாக இருந்தாலும் அதைத்தான் போடுவார்கள்.

தென்றல் வருவது நின்றது. அருணாதேவி என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அப்பா சின்னசாமி நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். ஜனம் ஒரு மாதிரி பேசுது. மாமன் பையனுக்கே பேசி முடிச்சிட்டோம்."

"பரீட்சை மட்டும் எழுதட்டுங்கண்ணா. அந்த வீடியோவ இப்பவே எடுத்துடுறேன்." அவர் கண்ணெதிரிலேயே போனை எடுத்து அழித்தாள்.

சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டார். "இனிமே காலேஜ் வாசப்படி மிதிக்கமாட்டேன்னு பொண்ணு கற்பூரம் ஏத்தி, உள்ளங்கையால அத அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணிடுச்சிங்க. மீறினா சாமி குத்தமாயிடும்."

தென்றல் காபி கொண்டுவந்து வைத்தாள். வலது உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"அழிச்சிட்டீங்களா மேடம்?" என்றாள் மெதுவாக. "நான் படிச்சதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."