குளியல் தொட்டியில் மூன்று நாள் கெண்டை

2003-ஆம் ஆண்டு. சிட்னியில், பென்டில் ஹில் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீடு கிடைப்பதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பதினோரு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு, பத்தில் கையை விரித்துவிட்டார்கள். இங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை ஏஜென்ட் வந்து வீட்டை மூலை முடுக்கு விடாமல் பார்த்து அறிக்கை எழுதுவார். போன முறை எங்கள் வீட்டுக் கருவாட்டு வாசனையைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார். ஒப்பந்தம் முடிய ஆறே வாரம். இன்னொரு வரி எழுதினால் புதுப்பிக்க மாட்டார்கள். எனக்கோ நாலாம் மாதம், வாந்தி நின்றபாடில்லை. மறுபடி வீடு தேடி அலைய உடம்பில் தெம்பில்லை.

இந்த லட்சணத்தில்தான் என் கணவருக்கு மீன்பிடிக்கும் பைத்தியம் பிடித்தது.

அவருக்கு ஊர் வீராணம் ஏரிப் பக்கம். கடலில் பிடித்ததை அவர் மீன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். கடையில் எதைக் காட்டினாலும் முகத்தைச் சுளிப்பார். ஆபீஸில் யாரோ, சிட்னிக்கு வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது, அதில் கெண்டை உண்டு என்று சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். தூண்டில் வாங்கினார், மீன்பிடிக்க லைசென்ஸ் எடுத்தார். வெள்ளிக்கிழமை ராத்திரியே குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவைத்தார். எதற்கு என்று கேட்டேன். குளோரின் போகணுமாம். மீன் இன்னும் ஏரியில் இருக்கிறது, இங்கே அதற்கு அறை தயார்!

சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஏரியில் படகு வைத்திருந்தவர்கள், கரையில் நின்றவர்கள் எல்லாரும் பாஸ் என்கிற மீனுக்காகத்தான் வந்திருந்தார்கள். கெண்டை இந்த நாட்டில் பீடை. தண்ணீரைச் சேறாக்கி மற்ற மீன்களை வாழவிடாது என்று அதைக் கண்டாலே இவர்களுக்கு ஆகாது. தப்பித்தவறி மாட்டினால் கொன்று வீசிவிடுவார்கள். அதற்கென்றே காத்திருந்தவர் அந்த ஏரியிலேயே என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மைதா மாவில் வேகவைத்த சோளத்தை மசித்துப் போட்டு, நான் ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்த கட்டிப் பெருங்காயத்தையும் உடைத்துச் சேர்த்து உருண்டை பிடித்திருந்தார். சாம்பாருக்கே கிள்ளிக் கிள்ளிப் போடும் பெருங்காயம்! எனக்கு வயிறு எரிந்தது.

நாலு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தூண்டில் வில்லாக வளைந்தது. மனுஷன் ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். கால் மணி நேரம் இழுத்து, ஒரு கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கெண்டையைக் கரையேற்றினார். பக்கத்தில் நின்ற பெரியவர் வந்து பார்த்தார். இதை இப்போதே கொன்றுவிடுங்கள், உயிரோடு கொண்டுபோவது சட்டப்படி தப்பு என்று தன்மையாகத்தான் சொன்னார். இவர் "யெஸ், யெஸ், தேங்க் யூ" என்று பவ்யமாகத் தலையாட்டினார். அந்த ஆள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து மீனை உள்ளே விட்டு மூடினார்.

"ஏங்க, அவர் சொன்னது காதுல விழலையா?"

"அவங்களுக்கு என்ன தெரியும்? மூணு நாள் நல்ல தண்ணியில உசுரோட கெடந்தாத்தான் சேத்து வாடை போகும். உனக்காகத்தானே பண்றேன்."

எனக்காகவாம். நான் கேட்டேனா? வழி முழுக்கப் பின்னால் டப் தளும்பியது, முன்னால் நான் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ஷவரே அந்தத் தொட்டிக்கு மேலேதான் இருந்தது. ஆக, மூன்று நாள் நான் துணி துவைக்கும் இடத்தில் பக்கெட் வைத்துக் குளித்தேன். பல் தேய்க்கப் போனால் அது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு என்னைப் பார்க்கும். அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஏஜென்ட் அம்மா, கையில் அட்டையும் பேனாவுமாக. அறுபதை ஒட்டிய வயது, நரைத்த கிராப், அடுப்பின் இடுக்கில்கூட விரலை விட்டுப் பார்க்கும் ரகம். வருவதாகச் சொல்லவே இல்லையே என்று திக்கித் திணறினேன். போன வாரமே கடிதம் போட்டாயிற்று என்றார். அந்தக் கடிதம் என் கணவரின் ஆபீஸ் பையில் பிரிக்காமலே கிடந்தது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

ஹால், சமையலறை, படுக்கையறை எல்லாம் பார்த்தார். குளியலறையில் குழாய் ரிப்பேர் என்று சொல்லிப் பார்த்தேன். அதையும் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று கதவைத் திறந்துவிட்டார். கெண்டை அந்த நேரம் பார்த்து வாலை அடித்தது. அவருடைய அட்டையில் தண்ணீர் தெறித்தது.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இது என் வேலை இல்லை, எல்லாம் என் கணவர் செய்தது, அவர் பட்டிக்காட்டு ஆள், எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் கிடையாது, எனக்கே பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று கொட்டித் தீர்த்தேன். வீடு தப்பினால் போதும் என்று இருந்தது எனக்கு.

அந்த அம்மா டாய்லெட் மூடியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். சரிதான் என்பதுபோலத் தலையசைத்தார். தனக்குப் போலந்து பூர்வீகம் என்றார். அங்கே கிறிஸ்துமஸுக்குக் கெண்டைதான் விருந்தாம். வாங்கிவந்து குளியல் தொட்டியில் விட்டுவைப்பார்களாம். இவருடைய பத்தாவது வயதில் குடும்பம் சிட்னிக்கு வந்திருக்கிறது. முதல் கிறிஸ்துமஸுக்கு அப்பா எங்கேயோ போய் ஒரு கெண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாராம். வீட்டுச் சொந்தக்காரர் பார்த்துவிட்டு, அந்த வாரமே பெட்டி படுக்கையோடு வெளியே அனுப்பிவிட்டாராம்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இப்போது சொன்னதைத்தான் என் அம்மாவும் அந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னாள். அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். வீடு போனதை அவர் மறந்துவிட்டார். அந்த வார்த்தையைச் சாகும்வரை மறக்கவில்லை."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் எழுந்து, ஈரமான தாளைத் துடைத்துவிட்டு ஏதோ எழுதினார். இன்றைக்கே இதை முடித்துவிடுங்கள், உயிரோடு வைத்திருப்பது குற்றம், அடுத்த முறை நான் பார்த்தால் எழுதியே தீருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். தபாலில் வந்த அறிக்கையில், குளியலறை என்பதற்கு நேரே 'நல்ல நிலையில் உள்ளது' என்றிருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். என் மகள் தவழ்ந்தது அந்த வீட்டில்தான்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன், கடிதத்துக்காகக் காது புளிக்கத் திட்டினேன். நான் அந்த அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே குழம்பு வைத்து, நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அன்றுதான் சாப்பிட்டது வயிற்றில் தங்கியது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்றைக்கும் அவர் ஏரி ஏரியாக அலைகிறார், அங்கேயே கொன்று ஐஸில் வைத்துக் கொண்டுவருகிறார், நானும் வீட்டுக்குள் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாசலில் ஓர் அந்நியர் நிற்கும்போது, எவ்வளவு பயந்தாலும், இவர் வேறு நான் வேறு என்று காட்டிக்கொள்ள அன்றைக்குப் பிறகு இன்றுவரை எனக்கு நா எழவில்லை.