முட்டை ஓடு ஏன் உரியவில்லை?

போன சனிக்கிழமை நாமக்கல்லில் பேத்தியின் பள்ளியில் பேரன்ட்ஸ் மீட்டிங். மகனுக்கு நேரமில்லை, நான் போனேன். போயிருக்கக் கூடாது. ஏற்கெனவே தினமும் இரண்டு பி.பி. மாத்திரை!

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பாடத்தை முதலில் நடத்தவில்லை. ஒரு சிக்கலைக் கொடுத்து, பிள்ளைகளே விடை தேடட்டும் என்று விட்டுவிட்டார். வேகவைத்த முட்டை சில சமயம் வழுவழுவென்று உரிகிறது. சில சமயம் ஓட்டோடு பாதி முட்டையும் போய்விடுகிறது... ஏன்?

முட்டைக்குப் பேர்போன ஊரில் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

மேஜையில் நோட்டுகள் இருந்தன. எண்ணினேன். நாற்பது. முப்பத்தொன்பதில் ஒரே விடை — தண்ணீரில் உப்புப் போட வேண்டும். கமாகூட இடம் மாறவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டதாம். அடுப்பே பற்றவைக்காமல் ஆராய்ச்சி!

மிச்சம் ஒன்று என் பேத்தியுடையது. அன்று வந்த முட்டை மூன்று, ஒரு வாரம் இருந்தது மூன்று, ஒரே பாத்திரம். பழையவை மூன்றும் அழகாக உரிந்தன என்று கண்டதை எழுதியிருந்தாள். டீச்சர் அதைத்தான் வாசித்துக் காட்டினார்.

முன்வரிசையிலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், பழைய முட்டைதான் நல்லதுன்னு புள்ளைங்க ஊரெல்லாம் சொன்னா எங்க பொழப்பு என்னாவறதுங்க?"

"நல்லதுன்னு சொல்லலீங்க சார். உரிக்கறதுக்கு ஈஸின்னுதான்..."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க!" மேடையில் இருந்த பள்ளி கரஸ்பாண்டன்ட் பக்கம் திரும்பினார். "கேள்விய மாத்துங்க. இல்லீன்னா டீச்சர மாத்துங்க."

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "உங்ககிட்ட இல்லாத முட்டையா? நீங்களே வேகவெச்சுப் பாருங்களேன்!" என்றேன்.

"நீங்க உக்காருங்க சாமி."

உட்கார்ந்தேன். பிள்ளை யோசிக்க வேண்டும் என்றுதான் ஃபீஸ் கட்டுகிறோம். யோசித்துவிட்டால் ஏன் இப்படிப் பதறுகிறோம்?

கரஸ்பாண்டன்ட் தொண்டையைச் செருமினார். "டீச்சர் இருக்கட்டுமுங்க. கேள்விய மட்டும் மாத்திக்கலாம்."

"லாரிப் புகையப் பத்திக் கேக்கலாமுங்களா?" என்றார் டீச்சர்.

இரண்டாம் வரிசை முழுக்க லாரி முதலாளிகள். "வேண்டாமுங்க."

"போர் போடப் போடத் தண்ணி ஏன் கீழ போகுதுன்னு..."

மூன்றாம் வரிசை, போர்வெல் ரிக் வைத்திருப்பவர்கள். "ஐயோ, வேண்டவே வேண்டாமுங்க!"

"வேற எதைத்தானுங்க சார் கேக்கறது?"

கரஸ்பாண்டன்ட் கூரையைப் பார்த்தார்.

"நிலாவப் பத்திக் கேளுங்க டீச்சர். அங்க நம்ம பேரன்ட்ஸ் யாருமில்ல."

நல்லது. அங்கேயும் யாராவது பிளாட் போட்டு விற்கிற வரைக்கும் அறிவியல் வகுப்பு நடக்கும்!